12 போர் துப்பாக்கியில் ஸ்கோப் தகராறு செய்தால்: திருகில் தொடங்கி புதுசு வாங்குவது வரை

இது யாருக்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கேரளத்தில் 2022 மே மாதம் எடுத்த முடிவுப்படி, விளைநிலத்தில் இறங்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவர்களுக்கு வந்தது. சுடுவது, லைசென்ஸ் வைத்திருந்து பட்டியலில் பெயர் உள்ளவர்கள். மேலே இடுக்கியில் உடும்பஞ்சோலை, வண்டன்மேடு, குமுளி, கீழே பாலக்காட்டில் கொழிஞ்சாம்பாறை, முதலமடை என்று அந்தப் பட்டியல்களில் நம்ம தமிழ் ஆட்களும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் 12 போர் ஷாட்கன் மேல் ஸ்கோப் (குறி பார்க்க உதவும் தொலைநோக்கி) ஏற்றிவிட்டு, ஒரு மழைக்காலம் கழிந்ததும் "ஸ்கோப் போயிடுச்சுண்ணே" என்று கொண்டுவந்து நீட்டுகிறார்கள். வருவதில் பெரும்பாலானவற்றில் ஸ்கோப் நன்றாகத்தான் இருக்கும்; திருகு தளர்ந்திருக்கும், தோட்டா மாறியிருக்கும், இல்லையென்றால் அந்தத் துப்பாக்கிக்கு ஆகாத ஸ்கோப்பை முதலிலேயே வாங்கியிருப்பார்கள்.

மலைக்கு அந்தப் பக்கம் போடி, கம்பத்தில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இது பயன்படாது. தமிழ்நாட்டில் 2025 ஜனவரி உத்தரவுப்படி பன்றியை வனத்துறையினர்தான் சுடலாம்.

இன்னொன்று. ஸ்கோப், அதைப் பிடிக்கும் ரிங், ரிங்கைத் தாங்கும் ரெயில், இவற்றின் திருகுகள், இவ்வளவுதான் நம் கை படும் இடம். துப்பாக்கியைப் பழுது பார்க்க 1959 ஆயுதச் சட்டப்படி தனி லைசென்ஸ் வேண்டும், அதனால் லேத் பட்டறை நண்பர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவரிடம் துளை போடக் கொடுக்காதீர்கள்.

எதைத் தொடுவதற்கு முன்னும் தோட்டாவை எடுத்து வேறு அறையில் வையுங்கள், அப்புறம் குழலின் அறையையும் மேகஸினையும் கண்ணால் பார்த்து விரலாலும் தடவிப் பாருங்கள்.

முதல் கேள்வி: துப்பாக்கி எது, தோட்டா எது?

பக்கத்துப் பக்கம் குழல் உள்ள இரட்டைக் குழல் என்றால் ஸ்கோப்பே வேண்டாம். இரண்டு குழலும் ஏதோ ஒரு தூரத்தில் ஒரே இடத்தில் அடிக்கிற மாதிரி லேசாக உள்நோக்கிச் சாய்த்து இணைக்கப்பட்டவை. ஸ்கோப்பை ஒரு குழலுக்குச் சரி செய்தால் மற்றது விலகும், அதோடு பழைய துப்பாக்கியில் ரெயில் உட்கார இடமும் இருக்காது. அதைத் துளைத்து ஏற்றுவது நல்ல துப்பாக்கியைக் கெடுக்கும் வேலை.

எல்.ஜி., எஸ்.ஜி. என்கிற, பல குண்டு சிதறும் தோட்டா மட்டும் சுடுகிறவருக்கும் பெரிய லாபம் இல்லை. சோக் (குழல் முனையில் உள்ள குறுக்கம்) இல்லாத குழலில், கஜத்துக்கு ஓர் அங்குலம் விரியும் என்பது பழைய கைக்கணக்கு. 25 கஜத்தில் சுமார் 25 அங்குலம் விரிந்து போகிற சிதறலுக்கு மெல்லிய குறுக்குக்கோடு எதற்கு?

ஒற்றைக் குழல் அல்லது பம்ப் ஆக்‌ஷன் (முன்கட்டையை இழுத்துத் தோட்டா ஏற்றுவது), அதில் ஒற்றைக் குண்டுத் தோட்டா, நாற்பது ஐம்பது மீட்டர், அந்தி வெளிச்சம், நாற்பத்தைந்து தாண்டிய கண். இந்த நிலைக்குத்தான் ஸ்கோப். வயதான கண்ணுக்குக் குழல் முனை மணியும் பன்றியும் ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரியாது, ஸ்கோப்பில் கோடும் உருவமும் ஒரே தளத்தில் தெரியும். உருவத்தைப் பெரிதாக்குவதைவிட இதுதான் உண்மையான உதவி.

அறிகுறி 1: குண்டு ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் விழுகிறது

அதிகம் வருவது இதுதான், எல்லோரும் முதலில் டரெட்டை (குறியைச் சரி செய்ய கிளிக் கிளிக்கென்று திரும்பும் குமிழ்) திருப்புவதும் இதற்குத்தான். திருப்பாதீர்கள். காரணம் தெரிவதற்கு முன் திருப்பினால் இருந்த தடயமும் போய்விடும்.

தோட்டாவிலிருந்து தொடங்குங்கள், செலவில்லாதது அதுதான். இரண்டு வேறு கம்பெனிப் பெட்டிகளைக் கலந்து சுட்டீர்களா? புனே அருகே காட்கியில் செய்யும் கே.எஃப். தோட்டாவுக்குச் சரி செய்த துப்பாக்கி வெளிநாட்டுத் தோட்டாவுக்கு ஒரு சாண் தள்ளி அடித்தால் அது கோளாறு இல்லை. ஈரத்தில் கிடந்து உடம்பு உப்பிய தோட்டாவை ஒதுக்குங்கள். குழலில் ஃபுல் சோக் (அதிகக் குறுக்கம்) இருந்தால் ஒற்றைக் குண்டை அதில் சுடவே கூடாது. கழற்றி மாட்டும் சோக் என்றால் குறுக்கமே இல்லாத சிலிண்டர் அல்லது லேசான இம்ப்ரூவ்டு சிலிண்டருக்கு மாற்றிவிட்டுப் பாருங்கள்.

அடுத்தது தாங்கல். முன்கட்டையை மணல் மூட்டை மேல் வைக்க வேண்டும், குழலை அல்ல. குழல் கடினமான எதிலாவது பட்டுக்கொண்டிருந்தால் குண்டு அதற்கு எதிர்ப்பக்கம் துள்ளும். தோள் வலியில் கண்ணை மூடிக்கொண்டு சுடுகிறவர்களும் உண்டு, ஆனால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மருந்தில்லாத போலித் தோட்டா ஒன்றைச் சுடுபவருக்குத் தெரியாமல் இடையில் போட்டுப் பார்த்தால் துப்பாக்கி முனை எவ்வளவு ஆடுகிறது என்று கூட இருப்பவருக்குத் தெரிந்துவிடும்.

இப்போது குண்டு எப்படி விழுகிறது என்று தாளைப் பாருங்கள்.

ஒரே திசையில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தால்: ஏதோ ஒன்று வழுக்குகிறது. ரிங்கும் ஸ்கோப் குழாயும் சேரும் இடத்தில் நகப்பூச்சால் குறுக்கே ஒரு கோடு போடுங்கள், ரிங்கும் ரெயிலும் சேரும் இடத்தில் இன்னொன்று. சில வெடிக்குப் பிறகு எந்தக் கோடு உடைந்திருக்கிறதோ அதுதான் இடம். வெடிக்கும்போது துப்பாக்கி பின்னால் வர, ஸ்கோப் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும், அதாவது ரெயிலைப் பொறுத்து முன்னால் ஓடும். அதனால் ரிங்கைப் பூட்டுவதற்கு முன் அதன் குறுக்குப் போல்ட்டை ரெயில் காடியின் முன்சுவரோடு ஒட்டித் தள்ளிவிட்டுப் பூட்ட வேண்டும். இதைச் செய்யாமல் விட்டதால் வழுக்குவது மிக மிக அதிகம்.

இரண்டு கூட்டமாக, இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று விழுந்தால்: ரெயில் திருகு தளர்ந்து இரண்டு நிலைக்கு நடுவே ஆடுகிறது, இல்லையென்றால் ஸ்கோப்புக்குள் ஸ்பிரிங் போய்விட்டது. முதலாவதைப் பார்க்க ஸ்கோப்பைக் கழற்றி, ரெயிலின் எல்லாத் திருகையும் எடுத்து, திருகிலும் துளையிலும் இருக்கும் எண்ணெயை நகப்பூச்சு ரிமூவரால் துடைத்து, நீல லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு துளி வைத்துப் பூட்டி ஒரு நாள் விட்டுவிடுங்கள். சிவப்பு லாக்டைட் வேண்டாம், பிறகு சூடு காட்டினால்தான் கழலும். ரிங் திருகுக்கு லாக்டைட்டே வேண்டாம். எல் சாவியின் நீளப் பக்கத்தைத் திருகில் விட்டு, குட்டைப் பக்கத்தை இரண்டு விரலால் பிடித்து இறுக்கும் அளவு போதும், கணக்கில் சொன்னால் சுமார் 2 நியூட்டன் மீட்டர். நெஞ்சுபலம் காட்டி இறுக்கினால் ஸ்கோப் குழாய் நசுங்கி, அதற்கப்புறம் நிஜமாகவே கோளாறு வரும்.

எந்த ஒழுங்கும் இல்லாமல் சிதறினால்: பம்ப் ஆக்‌ஷனில் குழலைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கழற்றி மாட்டும் குழல் பலவற்றில் லேசான ஆட்டம் இருக்கும், ஸ்கோப் ரிசீவர் (குழல் வந்து சேரும் துப்பாக்கி உடல்) மேல் இருக்கும், குண்டு குழல் வழியாகப் போகும், இரண்டும் தனித்தனியாக நகர்ந்தால் எந்த ஸ்கோப்பும் எடுபடாது. மேகஸின் மூடியை நன்றாக இறுக்கி மறுபடி பாருங்கள். அப்படியும் ஆட்டம் இருந்தால் குழலோடு சேர்ந்த ரெயில் உள்ள குழல்தான் வழி, அது காசு பிடிக்கும். கட்டையைப் பிடிக்கும் போல்ட்டையும் பார்த்துவிடுங்கள், இந்தக் காற்று ஈரத்தில் மரக்கட்டை மழைக்கு உப்பி வேனலுக்குச் சுருங்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் சிதறினால்தான் ஸ்கோப் மேல் சந்தேகப்பட வேண்டும். தோட்டா செலவில்லாமல் பார்க்க ஒரு வழி: அட்டைப் பெட்டியில் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு வெட்டு வெட்டி, துப்பாக்கியிலிருந்து கழற்றிய ஸ்கோப்பை அதில் அசையாமல் வைத்து, தூரச் சுவரில் ஒரு புள்ளியைப் பாருங்கள். இருபது கிளிக் மேலே, இருபது வலம், இருபது கீழே, இருபது இடம். கோடு ஒரு சதுரம் போட்டுப் பழைய புள்ளிக்கே வர வேண்டும். டரெட்டைத் திருகு விரட்டியின் பிடியால் லேசாகத் தட்டும்போது கோடு துள்ளினாலும், சதுரம் கோணலானாலும் உள்ளே உடைந்திருக்கிறது. அந்த ஸ்கோப்பைத் திறக்க வேண்டாம், கேரண்டி இருந்தால் அனுப்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள்.

தேர்தல் நேரத்தில் ஸ்டேஷனில் ஒப்படைத்த துப்பாக்கி திரும்பி வந்தால் எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் இந்தச் சோதனைகளை ஒரு தடவை செய்துவிடுங்கள். வாரக்கணக்கில் சுவரில் சாய்ந்து ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்தது அது. ஏலத்தோட்டத்து ஜீப்பில் தினமும் போய் வரும் துப்பாக்கிக்கும் இதே கதைதான்.

அறிகுறி 2: கிளிக் தீர்ந்துவிட்டது, இன்னும் நடுவுக்கு வரவில்லை

முதலில் கணக்கைச் சரி பாருங்கள். சாதாரண ஸ்கோப்பில் ஒரு கிளிக் என்பது கால் எம்.ஓ.ஏ. (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு ஓர் எம்.ஓ.ஏ.), 100 மீட்டரில் அது சுமார் 7 மி.மீ., 50 மீட்டரில் அதில் பாதி. பத்து சென்டிமீட்டர் தள்ளி அடிக்கும் துப்பாக்கிக்கு 50 மீட்டரில் ஏறக்குறைய 28 கிளிக் வேண்டும். நாலு கிளிக் திருப்பிவிட்டு "நகரவே இல்லை" என்பவர்களே அதிகம்.

கணக்கு சரியாக இருந்தும் தீர்ந்துவிட்டால், முன் ரிங்கையும் பின் ரிங்கையும் இடம் மாற்றிப் போடுங்கள். அடுத்து ரிங்கை 180 டிகிரி திருப்பிப் போட்டுப் பாருங்கள். உயரம் மட்டும் போதவில்லை என்றால் கூல்டிரிங்க்ஸ் கேனிலிருந்து ஒரு துண்டு வெட்டி ரெயிலுக்கு அடியில் பின்பக்கம் வைக்கலாம். அந்தத் தகடு சுமார் 0.1 மி.மீ. கனம், அதைத் தாங்கும் இரண்டு இடங்களுக்கு நடுவே 10 செ.மீ. இருந்தால், 50 மீட்டரில் குண்டு சுமார் 5 செ.மீ. மேலே ஏறும். முன்பக்கம் வைத்தால் இறங்கும். ஒன்று அல்லது இரண்டு துண்டுக்கு மேல் தேவைப்பட்டால் ரெயில் துளையே கோணலாகப் போடப்பட்டிருக்கிறது. அது லைசென்ஸ் உள்ள பழுதுகாரரின் வேலை. கொடுக்கும்போது ரசீது வாங்குங்கள்.

அறிகுறி 3: வெடித்ததும் புருவத்தில் அடி

ரத்தம் வந்தால் எல்லோரும் துப்பாக்கியைக் குறை சொல்வார்கள். 12 போர் ஒற்றைக் குண்டின் உதை பல வேட்டை ரைஃபிள்களைவிட அதிகம் என்பது உண்மைதான், ஆனால் அடிப்பது ஸ்கோப் கண்ணுக்குப் பக்கத்தில் இருப்பதால்.

முழு உருவமும் கறுப்பு விளிம்பில்லாமல் தெரியும் நிலையில் கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் எவ்வளவு இடைவெளி என்று கூட ஒருவரை வைத்து அளந்து பாருங்கள். 9 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் அந்த ஸ்கோப் இந்தத் துப்பாக்கிக்கு ஆகாது, ஏர் கன்னுக்கு விற்கிறதை மாட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். 9 செ.மீ. இருந்தும் அடிக்கிறதா? ரிங்கைத் தளர்த்தி ஸ்கோப்பை முன்னால் தள்ளுங்கள். ஸூம் உள்ளதை அதிகபட்ச ஸூமில் வைத்துச் சரி செய்யுங்கள், பலவற்றில் அந்த நிலையில்தான் இடைவெளி குறையும். கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் ஏற்றி, பிறகு கண்ணைத் திறந்தால் உருவம் முழுதாகத் தெரிய வேண்டும், தலையை முன்னால் நீட்டித் தேடக் கூடாது.

சமதளத்தில் நன்றாக இருந்தது மலைச்சரிவில் அடிக்கும். மேல்நோக்கிச் சுடும்போது தலை தானாக முன்னால் வரும், ஏலக்காட்டில் பாதி நேரம் அப்படித்தான். அதனால் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மட்டும் அளக்காமல் சரிவில் நின்றும் பாருங்கள். கட்டையின் அடியில் ரப்பர் பேடு போட்டால் தோளுக்கும் நல்லது, கண்ணும் கொஞ்சம் பின்னால் போகும்.

அறிகுறி 4: ஸ்கோப்புக்குள் மங்கல்

இடவப்பாதி (ஜூன் மழை) தொடங்கினால் இந்தக் கேள்வியும் தொடங்கிவிடும். வெளியேயா உள்ளேயா என்று பிரியுங்கள். இரண்டு பக்கக் கண்ணாடியையும் மெல்லிய துணியால் துடைத்ததும் போய்விட்டால் அது உங்கள் மூச்சு, அல்லது ஏ.சி. காரிலிருந்து இறங்கியதால் வந்த பனி. பத்து நிமிடம் வெளியே வைத்தால் தீர்ந்தது. மழை நாளில் துப்பாக்கியை வீட்டுக்குள் சூட்டுக்கும் வெளிக் குளிருக்கும் மாற்றி மாற்றி எடுக்காதீர்கள்.

துடைத்தும் போகாமல் உள்ளே ஆவி படிந்திருந்தால், டரெட் மூடிகளைக் கழற்றி ரப்பர் வளையம் இருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். அது சின்ன செலவு. வளையம் சரியாக இருந்தால் ஸ்கோப்பே கசிகிறதா என்று பார்க்க வேண்டும். வாட்டர்ப்ரூஃப் என்று போட்ட ஸ்கோப்பை மூடிகள் எல்லாம் போட்டு, கை தாங்கும் வெந்நீரில் முக்கிப் பாருங்கள். உள்ளே இருக்கும் வாயு சூட்டில் விரிந்து, கசிவு இருந்தால் அந்த இடத்தில் குமிழி வரும். முதல் குமிழி வந்ததுமே வெளியே எடுத்துவிட வேண்டும். அப்படியே விட்டுத் தண்ணீர் ஆறினால் அதே ஓட்டை வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும்.

குமிழி வந்தால் வீட்டு வைத்தியம் கிடையாது. உள்ளே நைட்ரஜனோ ஆர்கானோ அடைத்து மூடியது அது. கேமரா கடையில் திறந்து துடைத்துக் கொடுப்பார்கள், அன்று பளிச்சென்று இருக்கும், உள்ளே போனது சாதாரணக் காற்று என்பதால் அடுத்த மழைக்கு மறுபடி மங்கும். விலை உயர்ந்ததானால் கம்பெனிக்கு, மலிவானதானால் குப்பைக்கு.

மங்கலாக இல்லாமல் சிலந்தி வலை மாதிரி நூல் நூலாகத் தெரிந்தால் அது பூஞ்சை. வெளிக் கண்ணாடி மேல் என்றால் லென்ஸ் திரவத்தால் துடைக்கலாம், உள்ளே என்றால் போனதுதான். வராமல் தடுப்பது சுலபம். ரெக்ஸின் உறையில் போட்டு அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள், அந்த உறை ஈரத்தை விடாது. துணியால் துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பாக்கெட்டோடு மூடும் டப்பாவில் ஸ்கோப்பை வையுங்கள், பாக்கெட்டை அவ்வப்போது காயவைத்துப் போடுங்கள். துப்பாக்கியிலிருந்து கழற்ற மனமில்லை என்றால் அலமாரிக்குள் ஒரு 15 வாட் குண்டு பல்பு எரியட்டும். முதலமடைப் பக்கம் இந்தத் தொல்லை குறைவு, அங்கே வேனல் வெயிலில் பூட்டிய ஜீப்புக்குள் விட்டால் ரப்பர் வளையம் காய்ந்து வெடிப்பதுதான் பிரச்சினை.

அறிகுறி 5: தலையை அசைத்தால் குறுக்குக்கோடும் நகர்கிறது

கோளாறு இல்லை. ரைஃபிள் ஸ்கோப்புகள் பெரும்பாலும் 100 கஜத்துக்குச் சரி செய்து வருபவை, நாம் சுடுவதோ ஏறக்குறைய அதில் பாதித் தூரத்தில். கண்ணை நடுவில் வைத்துப் பழகினால் இந்தத் தூரத்தில் பன்றிக்கு அந்தப் பிழை பெரிதில்லை. அடுத்த தடவை வாங்கும்போது ஷாட்கன்னுக்கென்று 50 அல்லது 75 கஜத்துக்குச் சரி செய்ததைக் கேளுங்கள்.

அறிகுறி 6: அந்தியில் இருட்டாகத் தெரிகிறது

ஸூமைக் குறையுங்கள். முன்கண்ணாடியின் அகலத்தை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும்: 4×32 என்றால் 8 மி.மீ., அதே 32 மி.மீ. கண்ணாடி 9 மடங்கில் மூன்றரை மி.மீ. சொச்சம்தான். இருட்டில் பெரிதாக்கப் பெரிதாக்க இன்னும் இருட்டாகும். அதற்கப்புறமும் இருட்டு என்றால் கண்ணாடியில் துப்பாக்கி எண்ணெய் படிந்திருக்கும், துடையுங்கள்.

இருட்டில் அசைவது என்ன என்று பார்க்க ஸ்கோப்பை உயர்த்தாதீர்கள். ஸ்கோப் நோக்கும் இடத்தைத்தான் குழலும் நோக்குகிறது, அங்கே நிற்பது கரண்டு வேலியைப் பார்க்க வந்த பக்கத்துத் தோட்டத்து வாட்ச்சராகவும் இருக்கலாம். அதற்குப் பைனாகுலரும் டார்ச்சும் இருக்கின்றன.

அறிகுறி 7: சிவப்புப் புள்ளி எரியவில்லை

சி.ஆர். 2032 பேட்டரியை மாற்றுங்கள், மூடியின் உள்ளே பச்சை பூத்திருந்தால் பென்சில் அழிப்பானால் தேய்த்து எடுங்கள், வெடிக்கும்போது மட்டும் அணைந்தால் பேட்டரி தளர்வாக உட்கார்ந்திருக்கிறது. அப்படியும் எரியாவிட்டால் எரியாமலே விடலாம், கண்ணாடியில் பொறித்த கறுப்புக்கோடு உள்ள ஸ்கோப்பாக இருந்தால் வேலை நடக்கும். புள்ளி மட்டுமே உள்ள கருவி என்றால் நடுக்காட்டில் கை விட்டுவிடும்.

புதுசுதான் வாங்க வேண்டும் என்றால்

3-9×40 (3 முதல் 9 மடங்கு ஸூம், 40 மி.மீ. முன்கண்ணாடி) வேண்டாம். இந்த வேலைக்கு 9 மடங்கு எப்போதும் தேவைப்படாது, கனமும் கூடும், பக்கத்தில் வந்த பன்றி வெறும் மயிராகத்தான் தெரியும். ஸூம் இல்லாத 2 அல்லது 2.5 மடங்குக்குத்தான் என் ஓட்டு, உள்ளே நகரும் பாகம் குறைவு, உடைய அதிகம் ஒன்றுமில்லை. ஸூம் வேண்டுமென்றால் 1-4 மடங்கு. குழாய் ஓர் அங்குலமோ 30 மி.மீ.யோ இருக்கட்டும், ஏர் கன்னுக்கு வரும் முக்கால் அங்குலக் குழாய் 4×20 வகையைத் தொடாதீர்கள், அதன் ரிங்கும் 11 மி.மீ. காடிக்கானது, 12 போரின் உதையில் ஓடிவிடும். கோடு வெளியே தடிமனாகவும் நடுவில் மெலிதாகவும் இருப்பது அந்திக்கு நல்லது.

கடையில் வைத்தே டரெட்டைத் திருப்பி ஒவ்வொரு கிளிக்கும் தனியாகக் கேட்கிறதா, ஸ்கோப்பைக் காதருகே மெல்ல ஆட்டினால் உள்ளே ஏதாவது கடகடக்கிறதா, கண் இடைவெளி 9 செ.மீ. வருகிறதா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். ரெயிலையும் ரிங்கையும் இலவசமாகத் தந்தாலும் அலுமினியத் தகடு மாதிரி வளைவதை ஏற்றாதீர்கள், தனியாக இரும்பு ரிங் வாங்குங்கள். ஏற்றிய பிறகு மாவட்ட ரைஃபிள் அசோசியேஷன் ரேஞ்சில் அனுமதி கேட்டு, நீங்கள் வழக்கமாகச் சுடும் அதே தோட்டாவால் முதலில் 25 மீட்டரில், அப்புறம் 50 மீட்டரில் சரி பார்த்து, நகப்பூச்சுக் கோட்டை அன்றே போட்டுவிடுங்கள்.